திருப்பத்தில் ஜீப் ஏன் குதிக்குது? ஒரு பழைய கணக்கு

களத்தில் தாம்பு ஓட்டினதைக் கண்ணால் பார்த்தவங்க எங்க ஊரில் இப்போ நாலைந்து பெரியவங்கதான் மிச்சம். அறுத்த கதிரைப் பரப்பி, மாடுகளை வரிசையாப் பிணைச்சு, வட்டமா நடக்க விடுவாங்க. உள்பக்கம் கிழட்டு மாடு, வெளிப்பக்கம் இளங்காளை. உள்மாடு நின்ன இடத்தில் திரும்புற மாதிரி நடந்தாப் போதும். வெளிமாடு எட்டிப் போடணும். ரெண்டும் ஒரே தூரம்தான் நடக்கணும்னு கட்டாயப்படுத்தினா ஒண்ணு கயிறு அறும், இல்லேன்னா ஒரு மாடு சறுக்கி விழும்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியோட நூறு வருஷ வரலாறு இந்தக் கயிற்றைச் சுத்தித்தான் நடந்திருக்கு. நகரத்தில் இருக்கிற நண்பர்கள் பலர் இப்போ ஃபோர் வீல் வண்டி வாங்குறாங்க. மலைக்குப் போயிட்டு வந்து அடுக்குமாடி வீட்டு பார்க்கிங்கில் முழு ஸ்டியரிங் ஒடிச்சுத் திருப்பும்போது 'டக்... டக்'னு சத்தம், வண்டி தவளை மாதிரி எகிறுது, யாரோ பின்னாலிருந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி நிக்குது. உடனே பயம், பட்டறை, பில். அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கணும்னா அது எப்போ பிறந்ததுன்னு தெரியணும். அதனால் கொஞ்சம் பின்னாடி போவோம்.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இருசு அசையாம நிக்குது, அதில் ரெண்டு சக்கரமும் தனித்தனியாச் சுத்துது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிகம் சுத்தும், உள்சக்கரம் குறைச்சுச் சுத்தும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஏன்னா இழுக்கிறது மாடு. சக்கரம் வெறுமனே கூட வருது.

சக்கரமே இழுக்கணும்னு வந்த நாளில்தான் வம்பு ஆரம்பிச்சது. இயந்திரத்தின் விசையை ஒரே தண்டு வழியா ரெண்டு சக்கரத்துக்கும் கொடுத்தா ரெண்டும் சமமாத்தான் சுத்தும். அப்போ திருப்பத்தில் ஒரு சக்கரம் தேய்ச்சுக்கிட்டுத்தான் வரணும். ரயில் சக்கரம் இன்னிக்கும் அப்படித்தான். ரெண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கு. சக்கரத்து விளிம்பின் சரிவு அகலமான வளைவுகளைச் சமாளிச்சிடும், நெருக்கமான வளைவில் மட்டும் 'கிரீச்'னு கத்தும். 1820களின் கடைசியில் பிரான்ஸ் நாட்டுக் கடிகாரத் தொழிலாளி ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக இதுக்கு ஒரு பல்சக்கர வழி கண்டுபிடிச்சுக் காப்புரிமை வாங்கினார். அதுதான் டிஃபரன்ஷியல். விசையை ரெண்டு பக்கமும் கொடுக்கும், ஆனா 'நீ கூடச் சுத்திக்கோ, நீ குறைச்சுச் சுத்திக்கோ'ன்னு விட்டுக்கொடுக்கும். கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் அறுபடாத கயிற்றில் கட்டின மாதிரி. உங்க கார், எங்க டிராக்டர், மணல் லாரி எல்லாத்துலயும் பின்னாடி உருண்டையா ஒரு ஹவுசிங் தெரியுதே, அதுக்குள்ள இருக்கிறது அவர் யோசனைதான்.

பின் சக்கரம் ரெண்டுக்கும் தகராறு தீர்ந்தது. முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கலாம்னு நினைச்சப்போ அடுத்த தகராறு வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ஜீப்புக்கு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 80 அங்குலம், ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. முழு ஸ்டியரிங் ஒடிச்சு அரைவட்டம் அடிச்சா, அதாவது ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பினா, உள்பக்கப் பின் சக்கரம் ஏறத்தாழ 11 மீட்டர் ஓடும். வெளிப்பக்க முன் சக்கரம் 16 மீட்டருக்கு மேல ஓடும். மத்த ரெண்டும் இடையில். நாலு சக்கரம், நாலு தூரம். ஒவ்வொரு அச்சிலும் இருக்கிற டிஃபரன்ஷியல் இடது வலது வித்தியாசத்தைச் சரிக்கட்டிடும். ஆனா முன் அச்சு சராசரியா பின் அச்சைவிட ஒன்றரை மீட்டர் அதிகம் போகுதே, அதை யார் சரிக்கட்டுறது? பத்தில் ஒரு பங்கு வித்தியாசம். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் மூணாவதா ஒரு டிஃபரன்ஷியல் இருந்தாத்தான் தீரும்.

இது ஆரம்ப கால ஆட்களுக்கே தெரியும். 1908-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்ற சின்ன ஊரில் ஓட்டோ சாக்கோவும் அவர் மைத்துனர் வில்லியம் பெசர்டிச்சும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி செஞ்சாங்க. அதிலிருந்து வளர்ந்த எஃப்.டபிள்யூ.டி. கம்பெனியின் லாரிகள் முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் ஓடின. அதில் நடு டிஃபரன்ஷியல் உண்டு, சேற்றில் மாட்டினா அதைப் பூட்டிக்கவும் முடியும். அதே மாநிலத்தில் கெனோஷா நகரத்து ஜெஃப்ரி கம்பெனி 1913-இல் செஞ்ச 'குவாட்' லாரி வேறு தினுசு. நாலு சக்கரமும் திரும்பும். முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரமும் போகும். தடம் ஒண்ணுன்னா தூரமும் ஒண்ணு, சண்டைக்கே இடமில்லை. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். நோயைக் குணப்படுத்துறதுக்குப் பதிலா நோய் வர வழியையே அடைச்சிட்டாங்க.

இவ்வளவு தெரிஞ்சிருந்தும் ஜீப்பில் ஏன் அதை வைக்கலை?

1940 கோடையில் ஜெர்மனி ஐரோப்பாவை விழுங்கிக்கிட்டிருந்தது. அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஓலை அனுப்புச்சு. நாலு சக்கரமும் இழுக்கணும், எடை 1,300 பவுண்டு, அதாவது 590 கிலோதான் இருக்கணும், 49 நாளில் மாதிரி வண்டி கையில் வேணும். பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரிலிருந்த நொடிஞ்ச கம்பெனி பான்டம், கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டு வரைய வச்சு, செப்டம்பர் 23-ஆம் தேதி கெடு முடியுறதுக்குள்ள ஹோலபேர்ட் முகாமில் கொண்டு போய் நிறுத்துச்சு. எடை மட்டும் சொன்னதைவிட ரொம்பக் கூட. யாருக்கும் அந்த 590 கிலோ சாத்தியப்படலை. அப்படி ஒவ்வொரு பவுண்டுக்கும் அழுதுக்கிட்டிருந்த இடத்தில் மூணாவது டிஃபரன்ஷியலுக்கு ஏது இடம்? பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடியுறதுக்குள்ள ஆறு லட்சத்துக்கு மேல் செஞ்சு தள்ளின ஜீப்பில், கியர் பாக்ஸுக்குப் பின்னாடி ஸ்பைசர் கம்பெனியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒண்ணு மட்டும் இருந்தது. ஒரு லிவரைப் போட்டா முன் அச்சும் பின் அச்சும் இரும்பாப் பூட்டிக்கும், எடுத்தா முன் அச்சு விடுபடும். அவ்வளவுதான்.

ராணுவக் கையேடே சொல்லிடுச்சு: நல்ல ரோட்டில் பின் சக்கரம் மட்டும் போதும். முன் அச்சை ரோட்டை விட்டு இறங்கும்போது, வழுக்கும்போது, செங்குத்தா ஏறும்போது, பாரம் இழுக்கும்போது மட்டும் சேர்க்கணும். காரணம் மண்ணுதான். சேற்றில், மணலில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த ஒன்றரை மீட்டர் கடனை அடைச்சிடும். தார் ரோடோ சிமெண்டுத் தரையோ சறுக்க விடாது. கடன் ஏறும். முன் தண்டும் பின் தண்டும் ஈரக் கயிறு முறுக்கேறுற மாதிரி முறுக்கிக்கும். தாங்குற வரைக்கும் தாங்கி, ஏதோ ஒரு டயர் தரையை விட்டு 'டப்'னு தாவி முறுக்கை விடும். அடுத்த அடியில் மறுபடி முறுக்கு, மறுபடி தாவல். நீங்க கேக்குற சத்தம் அதுதான். ஒரு பல்லும் உடையலை. 1940-இல் சேற்றுக்காகச் செஞ்ச பூட்டை 2020களின் கான்கிரீட்டில் போட்டிருக்கீங்க, அவ்வளவுதான்.

இந்த வண்டி நம்ம பக்கம் வந்து சேர்ந்ததும் அதே காலம்தான். போர் முடிஞ்சு ஏலத்துக்கு வந்த ராணுவ ஜீப்புகள் கொஞ்சம். 1940களின் கடைசியில் பம்பாயில் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பிச்சது மீதி. மலையடிவாரத்து ஊர்களுக்கு அது வரப்பிரசாதம். எங்க தேனி மாவட்டத்தில் இன்னிக்கும் விடியுறதுக்கு முன்னாடி போடி, கம்பம் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போற பெண்களை ஏற்றிக்கிட்டு ஜீப்புகள் வரிசையா மலையேறும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. தார் ரோடு முடிஞ்சு தோட்டத்துக்குள்ள போனா சகதியும் பாறையும். அங்கே ஃபோர் வீல் போடாம ஏற முடியாது. பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்னொரு வில்லங்கம் இருக்கு. முன் அச்சைச் சேர்த்தாத்தான் லோ கியரே விழும். ஏற்றத்துக்கு லோ வேணும்னா முன் சக்கரமும் கூடவே வந்துதான் ஆகணும்.

போன ஐப்பசி மழையில் எங்க தெருத் தம்பி ஒருத்தர், ஜீப் ஓட்டித்தான் குடும்பம் நடத்துறவர், தோட்டத்திலிருந்து இறங்கி வந்தார். தார் ரோட்டுக்கு வந்ததும் லிவரை இழுத்திருக்கார், வரலை. சரி, அடிவாரத்தில் பார்த்துக்கலாம்னு அப்படியே இறங்கியிருக்கார். முதல் கொண்டை ஊசியில் வண்டி குதிச்சது. ரெண்டாவதில் ஸ்டியரிங் ஒடிச்ச பக்கம் போகாம நேரா வெளி ஓரத்துக்கு இழுத்திருக்கு. உள்ளே பன்னெண்டு பேர். இறங்கி நடந்தே வர்றோம்னு பெண்கள் இறங்கிட்டாங்க. இது பயங்காட்ட நான் சேர்க்கிற மசாலா இல்லை. முறுக்கேறின முன் அச்சு நேராத்தான் போகப் பார்க்கும், ஸ்டியரிங் கல்லாக் கனக்கும், திரும்பின பிறகு தானா நேராகவும் செய்யாது. மலைப்பாதையில் அதுக்கு ஒரு அடி போதும்.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினதுக்கு, "கிரவுன் பினியன் போச்சு, முன் ஹவுசிங்கைப் பிரிக்கணும்"னு 20,000 ரூபாய்க்கு மேல சொல்லியிருக்காங்க. வண்டி மேல ஏற்கெனவே தவணை ஓடுது. நாலு நாள் வண்டி நின்னா அந்தப் பன்னெண்டு பேர் கூலியும் நிக்கும். கடைசியா சந்தைப்பேட்டைப் பக்கம் இருக்கிற ஒரு பெரியவர்கிட்ட வந்தோம். அவர் வண்டிக்கு அடியில் எட்டிக்கூடப் பார்க்கலை.

"கிரவுன் போயிருச்சுங்கிறாங்க மாமா."

"கிரவுன் போனா நேரா போகையிலயும்தான் கத்தும். வளைவுல மட்டும் எதுக்கு மாப்ள கத்துது? ஸ்டியரிங்கை நேரா வச்சு வண்டியைப் பின்னால எடு."

ஆறடி பின்னால் போனதும் லிவர் வெண்ணெய் மாதிரி வந்துடுச்சு. முறுக்கேறின கயிற்றை எதிர்ப்பக்கம் ரெண்டு சுத்து விட்ட மாதிரிதான். முறுக்கு இருக்கிற வரைக்கும் பல்லும் பல்லும் இறுகக் கவ்விக்கிட்டு இருக்கும், எத்தனை பலமா இழுத்தாலும் லிவர் வராது. இழுத்து லிவரை ஒடிச்சவங்க உண்டு. அந்த நிலையில் ஜாக்கி வச்சு ஒரு சக்கரத்தைத் தூக்கினாலும் முறுக்கு விடும், ஆனா சக்கரம் திடீர்னு சுத்தும், கை பக்கத்தில் இருந்தா போச்சு. பின்னால் எடுக்கிறதுதான் நல்லது.

ஜீப்புக்குப் பிறகு வந்தவங்க சும்மா இருக்கலை. 1948-இல் சியாட்டிலில் ஆர்தர் வார்ன், முன் சக்கர மையத்திலேயே திருகித் திறந்து மூடுற ஹப் செஞ்சு, போர் முடிஞ்சு ஊருக்கு வந்த ஜீப்புகளுக்கு வித்தார். ரோட்டில் போகும்போது முன் தண்டு சும்மா சுத்தித் தேயாது. அதே 1948-இல் இங்கிலாந்தில் வந்த முதல் லேண்ட் ரோவரில் நான் ரசிக்கிற ஒரு தந்திரம் இருந்தது. சைக்கிள் பின் சக்கரத்தில் இருக்கே ஃப்ரீவீல், அதையே முன் தண்டில் வச்சாங்க. திருப்பத்தில் முன் சக்கரம் அதிகம் ஓடணுமா, ஓடிக்கட்டும், சைக்கிளை மிதிக்காம விட்டா ஓடுற மாதிரி. நிரந்தர ஃபோர் வீல், ஆனா முறுக்கு இல்லை. குறை என்னன்னா, இறக்கத்தில் என்ஜின் பிடி முன் சக்கரத்துக்குப் போகாது. அதைப் பூட்டக் காலடியில் ஒரு வளையம் வச்சிருந்தாங்க. 1950-லேயே அதைக் கைவிட்டு ஜீப் மாதிரி லிவருக்கு வந்துட்டாங்க.

நடு டிஃபரன்ஷியலைக் காருக்குக் கொண்டு வந்தே தீருவேன்னு நின்னவர் ஒரு டிராக்டர்காரர். ஹாரி ஃபெர்குசன். டிராக்டருக்குப் பின்னாடி கலப்பையை மூணு புள்ளியில் மாட்டி ஹைட்ராலிக்கில் தூக்குறோமே, அந்த மூன்று முனை இணைப்பு அவர் கொடுத்தது. 1960-இல் சென்னையில் தொடங்கின டாஃபே செய்ற மாஸி ஃபெர்குசனில் பாதிப் பேர் அவர் பேர்தான். டிராக்டரில் சம்பாதிச்சதைக் கடைசிக் காலத்தில் நாலு சக்கரக் கார் ஆராய்ச்சியில் போட்டார். 1960-இல் இறந்துட்டார். அடுத்த வருஷம் அவர் கம்பெனியின் பி99 பந்தயக் கார் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க்கில் ஸ்டிர்லிங் மாஸ் கையில் ஜெயிச்சது. 1966-இல் ஜென்சன் எஃப்.எஃப். என்ற விலை உசந்த காரில் அவர் முறை கடைக்கு வந்தது, முந்நூத்திச் சொச்சம்தான் வித்தது. அப்புறம் 1970-இல் ரேஞ்ச் ரோவர், 1977-இல் ரஷ்யாவின் லாடா நிவா, 1980-இல் ஆடி குவாட்ரோ எல்லாம் நடு டிஃபரன்ஷியலோட வந்தன. தார் ரோட்டிலும் நாலு சக்கரமும் இழுக்கலாம், குதிக்காது.

நம்ம ஊரில் 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி, பிறகு வந்த மஹிந்திரா தார் இதெல்லாம் ஜீப் வம்சம். நடு டிஃபரன்ஷியல் கிடையாது. உங்க வண்டி எந்த வம்சம்னு தெரிஞ்சா பாதி வைத்தியம் முடிஞ்சது.

ஜீப் வம்சம்னா முதல் சோதனை சுலபம். நேரா கொஞ்ச தூரம் பின்னால் எடுத்து, ரெண்டு சக்கர ஓட்டத்துக்கு மாத்தி, காலி மைதானத்தில் மெதுவா முழு வட்டம் அடிங்க. குதிக்கிறது நின்னுடுச்சா, வண்டிக்கு ஒண்ணுமில்லை. டூ வீலில் போட்டும் குதிக்குதுன்னா முன் அச்சு உண்மையில் விடுபடலைன்னு அர்த்தம். டேஷ்போர்டு விளக்கு அணைஞ்சாலும் உள்ளே ஆக்சுவேட்டர் சிக்கியிருக்கலாம், தானியங்கி ஹப் திறக்காம இருக்கலாம். பின்னால் எடுத்தும் சரியாகலைன்னா அப்போ பட்டறைக்குப் போங்க.

குதிக்காம, முழு ஒடிப்பில் மட்டும் முன் சக்கரத்துப் பக்கம் 'கடக் கடக்'னு சீராச் சத்தம் வந்தா அது வேற. முன் அச்சுக்குள்ள சக்கரம் திரும்பவும் சுத்தவும் இடம் கொடுக்கிற ஜாயிண்ட் தேய்ஞ்சிருக்கு. போர்க்கால ஜீப்பில் ரெஸ்பா, பென்டிக்ஸ், டிராக்டா எனப் பல தினுசு ஜாயிண்ட் போட்டாங்க. கையில் கிடைச்சதைப் போட்ட காலம் அது. சில பழைய வண்டிகளில் சாதா கிராஸ் ஜாயிண்ட்தான் இருக்கும். அது முழு ஒடிப்பில் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும், ஃபோர் வீலில் ஸ்டியரிங் கையில் ஆடும். அது அதன் சுபாவம்.

பின் பக்கமிருந்து திருப்பத்தில் முனகலும் அதிர்வும் வந்தா, பின் டிஃபரன்ஷியல் லிமிட்டெட் ஸ்லிப் வகையான்னு பாருங்க. அதுக்குன்னு தனி எண்ணெய் உண்டு. சாதா எண்ணெய் ஊத்தினாலே கத்தும். எண்ணெய் மாத்தினா அடங்குற சத்தத்துக்கு ஹவுசிங்கைப் பிரிக்கிறவங்களும் இருக்காங்க. இடப்பக்கம் வளைஞ்சா ஒரு மாதிரி, வலப்பக்கம் வளைஞ்சா ஒரு மாதிரி ஊளை மாறுச்சுன்னா வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்க.

ரேஞ்ச் ரோவர் வம்சம், அதாவது எப்பவும் நாலு சக்கரமும் ஓடுற வண்டி தார் ரோட்டில் குதிச்சாத்தான் கவலைப்படணும். நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிட்டு மறந்திருக்கலாம், பூட்டு விடாம சிக்கியிருக்கலாம். சிலதில் நடுவில் சிலிகான் திரவம் நிரம்பின விஸ்கஸ் கப்ளிங் இருக்கும். அது கெட்டுப் போனா உள்ளே இறுகிப் பூட்டு மாதிரியே ஆயிடும். அதைக் கெடுக்கிறதில் டயருக்குப் பெரிய பங்கு உண்டு. முன்னாடி ரெண்டு புதுசு, பின்னாடி ரெண்டு மொட்டைன்னு போட்டா நேர் ரோட்டிலேயே எப்பவும் வட்டம் அடிக்கிற மாதிரிதான் கப்ளிங்குக்கு. நாலையும் ஒண்ணா மாத்த மனசு வராதவங்க இந்த வகை வண்டி வாங்காம இருக்கிறது நல்லது.

டிராக்டரில் இதே கணக்கு தலைகீழ். நாலு சக்கரமும் இழுக்கிற டிராக்டரில் முன் சக்கரம் சின்னது. அதைப் பின் சக்கரத்தைவிடச் சில சதவீதம் வேகமா ஓடும்படி வேணும்னே செஞ்சிருக்காங்க, உழவில் முன்னாடி இழுத்துக் கொடுக்க. ஜப்பானின் குபோட்டா இன்னும் ஒரு படி போய், ஸ்டியரிங்கை ஒரு அளவுக்கு மேல ஒடிச்சா முன் சக்கரம் ஏறத்தாழ ரெண்டு மடங்கு வேகத்தில் சுத்துற மாதிரி ஒரு ஏற்பாடு வச்சது. முன் சக்கரத்துக்குக் கடன்பட்ட தூரத்தைவிடக் கூடவே கொடுத்துடுது. தொளி உழும்போது வரப்போரம் குறைஞ்ச இடத்தில் திரும்பிடலாம், மண்ணையும் குவிக்காது. வேலை முடிஞ்சு தார் ரோட்டில் ஏறுறதுக்கு முன்னாடி அதையும் முன் வீல் லிவரையும் அணைச்சிடணும். இல்லேன்னா வீட்டுக்கு வர்றதுக்குள்ள முன் டயரை ரோடு தின்னுடும்.